சார்ஜருக்கு எதற்கு ஆப்?

எலெக்ட்ரிக் வண்டி பற்றிய பேச்சு எங்கே நடந்தாலும் சார்ஜிங் ஸ்டேஷன் கணக்கு வந்துவிடும். இந்த மாநிலத்தில் இத்தனை, அந்த நெடுஞ்சாலையில் இத்தனை என்று சார்ஜர் பெட்டிகளை எண்ணிச் சொல்வார்கள். பெட்டியை நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்பது ஒரு கட்சி. "கரண்ட் கொடுக்கிற பிளக் பாயிண்டுக்கு ஆப், ஓடிபி, வாலட் எல்லாம் எதற்கு?" என்று அலுத்துக்கொள்பவர்களும் இந்தக் கட்சிதான். எதிர்க்கட்சியும் உண்டு. நல்ல ஆப் ஒன்று எழுதி, யாரோ செய்த பெட்டிகளை அதில் கோத்துவிட்டால் நெட்வொர்க் தயார் என்று நம்புகிறவர்கள் அவர்கள்.

இரண்டு கட்சிக்கும் பிடிபடாத ஒன்று நடுவில் இருக்கிறது. பெட்டியும் மென்பொருளும் தனித்தனியாக நன்றாக இருந்தால் போதாது. இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பேச வேண்டும். சார்ஜிங் நெட்வொர்க் என்பது அந்தப் பேச்சுதான். வண்டி நிற்பதும், பில் தப்பாக வருவதும், "பெட்டி இருக்கு, சார்ஜ் ஆகல" என்ற புலம்பலும் பெரும்பாலும் அந்தப் பேச்சு எங்கோ அறுந்துபோனதால் வருபவை. அதை அடியிலிருந்து பார்ப்போம். மின்பொறியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## பெட்ரோல் பங்க் இல்லை, ஏடிஎம்

சார்ஜிங் ஸ்டேஷனைப் பெட்ரோல் பங்க்கோடு ஒப்பிடுவது எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் பங்க்கில் ஆள் நிற்கிறார், காசு வாங்குகிறார், பம்ப் கெட்டால் "இந்தப் பக்கம் வாங்க சார்" என்று கையைக் காட்டுகிறார். உங்களுடையது என்ன வண்டி என்று பம்புக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஏடிஎம்மை நினைத்துப் பாருங்கள். ஆளில்லாத மூலையில் ஒரு பெட்டி. உள்ளே நோட்டுக் கட்டுகள். அதை உங்களுக்குக் கொடுக்கலாமா என்று முடிவு செய்வது எங்கோ இருக்கும் வங்கியின் சர்வர். லைன் போய்விட்டால் பணம் நிறைந்த பெட்டியும் வெறும் இரும்பு. நோட்டு சிக்கிக்கொண்டால் சர்வர் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பயனில்லை. ஒரு வங்கியின் அட்டை இன்னொரு வங்கியின் ஏடிஎம்மில் வேலை செய்கிறது என்றால், பின்னால் வங்கிகளுக்கிடையே ஓர் ஏற்பாடு இருக்கிறது.

பொது சார்ஜர் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். ஒரே ஒரு பெரிய வித்தியாசம்: ஏடிஎம் பணம் கொடுக்கும்போது உங்கள் பர்ஸிடம் "இவ்வளவு தாங்குவாயா?" என்று கேட்பதில்லை. சார்ஜர் கேட்டாக வேண்டும், அதுவும் சார்ஜ் முடியும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆக, மூன்று பேச்சுகள் நடக்கின்றன. வண்டியும் பெட்டியும் பேசுவது ஒன்று. பெட்டியும் அதை நடத்தும் நிறுவனத்தின் சர்வரும் பேசுவது இரண்டு. ஒரு நிறுவனத்தின் சர்வர் இன்னொரு நிறுவனத்தின் சர்வரோடு பேசுவது மூன்று.

## பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பேட்டரி ஒரே திசையில் பாயும் டிசி மின்சாரத்தை மட்டுமே வாங்கும். மின்வாரியம் கொடுப்பது திசை மாறி மாறிப் பாயும் ஏசி. எங்கோ ஓரிடத்தில் ஏசியை டிசியாக மாற்றியாக வேண்டும். அது வண்டிக்குள் நடந்தால் ஏசி சார்ஜிங். வெளியே பெட்டிக்குள் நடந்தால் டிசி சார்ஜிங், அதாவது ஃபாஸ்ட் சார்ஜிங். அவ்வளவுதான் வேறுபாடு.

வீட்டுச் சுவரில் மாட்டும் 3.3 அல்லது 7.4 கிலோவாட் ஏசி பெட்டி கண்டிப்பாகச் சொன்னால் சார்ஜரே இல்லை. உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. சுவரில் இருப்பது பாதுகாப்பான ஒரு ஸ்விட்ச், ஒரு மீட்டர், எர்த் கசிவைக் கண்டுபிடிக்கும் ஒரு பாகம், கொஞ்சம் மூளை. கேரள மின்வாரியம் ஆட்டோக்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் மின்கம்பங்களிலேயே சின்னச் சின்னப் பெட்டிகளை மாட்டியிருக்கிறது. கோழிக்கோட்டில் சோதனையாகத் தொடங்கிய திட்டம் அது. சாக்கெட்டைத் திறப்பதும் காசு கட்டுவதும் டிரைவரின் போனில். பெட்டியில் எதை வைப்பது, எதை மென்பொருளிடம் தள்ளிவிடுவது என்று யோசித்துச் செய்த வேலைக்கு அது நல்ல உதாரணம்.

டிசி பெட்டி வேறு ஜாதி. அலமாரி உயரத்துக்கு நிற்கும். கதவைத் திறந்தால் அடுக்கடுக்காக மாட்யூல்கள். ஒவ்வொன்றும் ஏசியை டிசியாக மாற்றும் ஒரு தட்டு. 30 கிலோவாட் மாட்யூல் இரண்டு இருந்தால் அது 60 கிலோவாட் சார்ஜர். இவை போக வெப்பத்தை வெளியே தள்ளும் விசிறிகள், பெரிய மின்னோட்டத்தை இணைக்கவும் துண்டிக்கவும் கான்டாக்டர், மீட்டர், அவசரத்துக்கு அமுக்கும் சிவப்புப் பொத்தான், ஒரு கட்டுப்பாட்டு போர்டு, அதில் ஒரு சிம் கார்டு. லட்சக்கணக்கில் விலை போகும் இயந்திரம் கடைசியில் அந்த சிம்முக்குச் சிக்னல் கிடைக்குமா என்பதை நம்பி நிற்கிறது.

இரண்டு கன் (வண்டியில் செருகும் கேபிள் முனை) உள்ள 60 கிலோவாட் பெட்டியில் நீங்கள் மட்டும் இருந்தால் இரண்டு மாட்யூலும் உங்களுக்கு. பக்கத்துக் கன்னில் இன்னொரு கார் வந்ததும் மென்பொருள் ஒரு மாட்யூலை எடுத்து அதற்குக் கொடுத்துவிடும். வேகம் திடீரென்று பாதியானதும் பலர் "சார்ஜர் கெட்டுப்போச்சு" என்று ஹெல்ப்லைனுக்குப் போன் போடுகிறார்கள். கெடவில்லை, பங்கு பிரிந்திருக்கிறது.

பெட்டியில் எழுதியிருக்கும் 60 என்ற எண்ணையும் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். அது பெட்டியால் கொடுக்க முடிந்த உச்சம். உங்கள் கார் அதிகபட்சம் 30 கிலோவாட்தான் வாங்கும் என்றால் 60 கிலோவாட் பெட்டியிலும் 30தான், 120 கிலோவாட் பெட்டியிலும் 30தான். பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டும்போது கார் தானே வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். எவ்வளவு வேண்டும் என்று சொல்வது எப்போதும் வண்டிதான்.

## முதல் பேச்சு: வண்டியும் பெட்டியும்

கன்னைச் செருகியதும் மின்சாரம் பாய்ந்துவிடாது. ஏசி கன்னாக இருந்தாலும் சரி, டிசி கன்னாக இருந்தாலும் சரி, செருகும் நொடியில் அதன் பெரிய முனைகளில் மின்சாரமே இருக்காது. மழையில் நனைந்துகொண்டு சார்ஜ் போடப் பயப்படுபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

கன்னில் மின்சாரம் போகும் தடித்த முனைகளோடு ஒரு மெல்லிய முனையும் இருக்கும். அதன் கம்பிக்குக் கண்ட்ரோல் பைலட் என்று பெயர். பெட்டிக்கும் காருக்கும் நடுவே தகவல் போகும் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெட்டி 12 வோல்ட் வைத்துக்கொண்டு காத்திருக்கும். கன்னை மாட்டியதும் காருக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் அதை 9 வோல்ட்டுக்கு இறக்கும். "ஓ, வண்டி வந்திருக்கு" என்று பெட்டி புரிந்துகொள்ளும். கார் உள்ளே எல்லாவற்றையும் சரிபார்த்து, தயாரானதும் அதை 6 வோல்ட்டுக்கு இறக்கும். "நான் ரெடி" என்று பொருள். அதற்குப் பிறகுதான் ஏசி பெட்டியில் ஸ்விட்ச் மூடும். "டக்" என்று ஒரு சத்தம் கேட்குமே, அது அதுதான்.

எவ்வளவு மின்னோட்டம் எடுக்கலாம் என்பதையும் அதே கம்பியில்தான் பெட்டி சொல்கிறது. அந்த 12 வோல்ட்டை நொடிக்கு ஆயிரம் தடவை ஏற்றி இறக்கும். ஒவ்வொரு தடவையும் ஏறியிருக்கும் நேரம் எத்தனை சதவீதம் என்பதுதான் செய்தி. அந்தச் சதவீதத்தை 0.6 ஆல் பெருக்கினால் ஆம்பியர் கிடைக்கும். சுமார் 27 சதவீதம் என்றால் 16 ஆம்பியர். 53 சதவீதம் என்றால் 32 ஆம்பியர். இவ்வளவு எளிமையான கணக்கு உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வண்டிகளை ஓட்டிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு இன்றும் பிடித்த விஷயம். இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

டிசியில் பேச்சு நீளம். இந்தியாவில் இப்போது கார்களுக்குப் பெரும்பாலும் சிசிஎஸ் 2 என்ற கன்தான். அதில் பெட்டி 5 சதவீதம் என்று காட்டினால், "ஆம்பியர் சொல்லவில்லை, வா, முறையாகப் பேசுவோம்" என்று பொருள். பிறகு அதே மெல்லிய கம்பியின் மேலேயே டிஜிட்டல் செய்திகள் ஓடும். கார் தன் பேட்டரியின் வோல்ட்டேஜ், தாங்கக்கூடிய உச்ச மின்னோட்டம் எல்லாவற்றையும் சொல்லும். பெட்டி தன்னால் முடிந்ததைச் சொல்லும். பெட்டி கேபிளில் வோல்ட்டேஜை ஏற்றி, எங்கேயாவது மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும். அதன்பின் பேட்டரியின் வோல்ட்டேஜுக்குச் சமமாகத் தன் வோல்ட்டேஜைக் கொண்டுவரும். இரண்டும் சமமாகாமல் கான்டாக்டரை மூடினால் தீப்பொறி பறக்கும் என்பதால்தான் இந்தப் பொறுமை. எல்லாம் ஒத்துவந்ததும் கான்டாக்டர் மூடும், விசிறிகள் இரையும், திரையில் எண் ஓடத் தொடங்கும்.

"இனிஷியலைசிங்" என்று திரையில் வந்து நம் பொறுமையைச் சோதிக்கும் அந்த அரை நிமிடத்தில் இவ்வளவு நடக்கிறது. சார்ஜ் ஓடும்போதும் கார் நொடிக்குப் பலமுறை "இப்போது இத்தனை ஆம்பியர் கொடு" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் கொஞ்சம் தாமதமானாலும் பாதுகாப்புக்காகச் சார்ஜ் நின்றுவிடும். நிறுத்தும்போது முதலில் மின்னோட்டம் பூஜ்ஜியத்துக்கு வரும், பிறகு கான்டாக்டர் திறக்கும், கடைசியில்தான் கன்னைப் பிடித்திருக்கும் பூட்டு விடும். கன்னை இழுத்துப் போராடுபவர்கள் காரின் பூட்டோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

சுருக்கமாக இதுவரை: மாற்றும் வேலை பெட்டியிலோ காரிலோ நடக்கிறது. எவ்வளவு என்பதைக் கார் சொல்கிறது. இந்தப் பேச்சுக்கு இணையமும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம்.

## இரண்டாம் பேச்சு: பெட்டியும் சர்வரும்

அப்படியென்றால் ஆப் எங்கே வருகிறது? காசு, அனுமதி, கண்காணிப்பு ஆகிய மூன்றுக்காக வருகிறது. ஆளில்லாத இடத்தில் பெட்டியை வைத்தால் யார் எடுத்தார், எவ்வளவு எடுத்தார், பெட்டி நலமாக இருக்கிறதா என்று தூரத்திலிருந்து ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருவர்தான் சர்வர்.

தொடக்க காலத்தில் ஒவ்வொரு பெட்டிக் கம்பெனியும் தன் சர்வரோடு தனக்கே உரிய பாஷையில் பேசிக்கொண்டிருந்தது. நெதர்லாந்தில் மின்விநியோக நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய இலாட் என்ற அமைப்புக்கு இது பெரிய தலைவலி. நாடு முழுக்கப் பெட்டி வைக்க வேண்டும். ஒரே கம்பெனியிடம் வாங்கினால் காலம் முழுக்க அவர்கள் சொன்ன விலைதான். 2009-இல் அவர்கள் ஒரு பொதுப் பாஷையைத் தொடங்கினார்கள். அதுதான் ஓசிபிபி. எந்தக் கம்பெனியின் பெட்டியும் எந்தக் கம்பெனியின் சர்வரோடும் பேசுவதற்கான விதிமுறை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். 2015-இல் வந்த 1.6 பதிப்பு உலகெங்கும் பரவியது, நம் ஊர்ப் பெட்டிகளிலும் அதுவே பரவலாக இருக்கிறது. 2020-இல் 2.0.1, 2025-இல் 2.1 என்று பதிப்புகள் வளர்ந்திருக்கின்றன.

பேச்சு எப்படி இருக்கும் என்று கொஞ்சம் ஒட்டுக்கேட்போம். பெட்டிக்கு மின்சாரம் வந்ததும் அது தன் நினைவில் இருக்கும் சர்வர் முகவரிக்குப் போன் போடும். "நான் இன்ன கம்பெனி, இன்ன மாடல், என் சீரியல் எண் இது, எனக்குள் ஓடும் ஃபர்ம்வேர் இன்ன பதிப்பு." ஃபர்ம்வேர் என்பது பெட்டிக்குள்ளேயே பதிந்து, அதன் பாகங்களை ஆட்டிவைக்கும் மென்பொருள். சர்வர் பதில் சொல்லும்: "சரி, ஏற்றுக்கொண்டேன். இப்போது மணி இன்னது. 300 வினாடிக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாகச் சொல்." அன்றிலிருந்து பெட்டி அப்படியே சொல்லிக்கொண்டிருக்கும். மணியைச் சொல்வது சும்மா மரியாதைக்கு இல்லை. நேரத்துக்கு ஒரு கட்டணம் என்று வைத்திருக்கும் இடத்தில் பெட்டியின் கடிகாரம் அரை மணி தவறினால் பில்லே தவறிவிடும்.

நீங்கள் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து "ஸ்டார்ட்" அழுத்துகிறீர்கள். செய்தி உங்கள் போனிலிருந்து பக்கத்தில் நிற்கும் பெட்டிக்குப் போகவில்லை, சர்வருக்குப் போகிறது. வாலட்டில் காசு இருக்கிறதா என்று சர்வர் பார்த்து, பெட்டிக்கு "இரண்டாம் கன்னைத் தொடங்கு" என்று சொல்கிறது. பெட்டி அப்போதைய மீட்டர் அளவைக் குறித்து அனுப்புகிறது. ஓடும்போது அவ்வப்போது அளவுகளை அனுப்புகிறது, அதைத்தான் ஆப்பில் யூனிட்டாகப் பார்க்கிறீர்கள். முடிந்ததும் கடைசி அளவு. கடைசியிலிருந்து முதலைக் கழித்தால் யூனிட், யூனிட்டை விலையால் பெருக்கினால் பில்.

இங்கே ஒரு பக்க விஷயம். வாகனத்துக்குச் சார்ஜ் ஏற்றுவது மின்சார விற்பனை இல்லை, ஒரு சேவை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் விளக்கம் கொடுத்தது. அதனால் லைசென்ஸ் இல்லாமலே யாரும் ஸ்டேஷன் திறக்க முடிந்தது. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனால் சார்ஜிங் பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி பார்க்கிறோம் இல்லையா? சேவை என்று ஆனதன் மறுபக்கம் அது.

இணைய லைன் போனால் என்ன ஆகும்? நல்ல பெட்டிக்கு அதற்கும் ஏற்பாடு உண்டு. ஆப்புக்குப் பதில் தட்டித் தொடங்கும் அட்டைகளில் தெரிந்தவற்றின் பட்டியலைத் தன்னிடமே வைத்திருக்கும், நடந்த கணக்கை எழுதிவைத்து லைன் வந்ததும் ஒப்படைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் சார்ஜ் அறுந்துபோக வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் வண்டியும் பெட்டியும் பேசும் பேச்சுக்கு இணையம் வேண்டாம். லைன் போனதும் சார்ஜையும் நிறுத்திவிடும் பெட்டியைப் பார்த்தால், காசு போய்விடுமோ என்று பயந்து யாரோ அப்படி அமைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

## இரண்டு பேச்சும் சேரும் இடம்: லோடு பங்கீடு

வன்பொருளும் மென்பொருளும் கைகோக்கும் அழகை ஓர் அடுக்குமாடியின் பார்க்கிங்கில்தான் பார்க்க வேண்டும். பத்து கார்கள், பத்து ஏசி பெட்டிகள், ஒவ்வொன்றும் 7.4 கிலோவாட். எல்லோரும் ஆபீஸ் விட்டு வந்து ஒரே நேரத்தில் போட்டால் 74 கிலோவாட். ஆனால் சார்ஜிங்குக்கென்று மின்வாரியத்திடம் அனுமதி வாங்கியிருக்கும் லோடு 40 கிலோவாட்தான் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பதில் இரண்டு. "இடம் இல்லை, ஐந்து பேருக்குத்தான்" என்று சண்டையைத் தொடங்குவது ஒன்று. செலவு செய்து லோடை ஏற்றுவது இன்னொன்று.

மூன்றாவது வழி: சர்வர் கணக்குப் போடட்டும். 40 கிலோவாட்டைப் பத்தால் வகுத்தால் ஆளுக்கு 4 கிலோவாட். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 17 ஆம்பியர். "உன் உச்சம் 17 ஆம்பியர்" என்று ஓசிபிபி வழியாக ஒவ்வொரு பெட்டிக்கும் சர்வர் சொல்கிறது. பெட்டி தன் கண்ட்ரோல் பைலட்டில் ஏறியிருக்கும் நேரத்தை 53 சதவீதத்திலிருந்து சுமார் 28 சதவீதத்துக்கு இறக்குகிறது. கார் அதைப் பார்த்துவிட்டுத் தன் உள்சார்ஜரைத் தணித்துக்கொள்கிறது. சர்வரில் ஒரு வகுத்தல், கம்பியில் ஒரு துடிப்பு, காருக்குள் ஓர் ஆம்பியர் மாற்றம். மூன்றும் சில நொடிகளில் நடந்துவிடும்.

இரவு பதினொரு மணிக்கு ஏழு கார் நிறைந்து நின்றுவிட்டால் மீதி மூன்றுக்கும் முழு 7.4 கிலோவாட் திரும்பக் கிடைக்கும். மொத்தம் 22தான் ஆகிறது. இந்த முறையில் ஒரு காருக்கு 6 ஆம்பியருக்குக் கீழே இறக்க முடியாது, விதி அப்படி. அதாவது ஏறக்குறைய 1.4 கிலோவாட். அந்தக் கணக்கில் பார்த்தால் அதே 40 கிலோவாட்டில் 28 கார்கள்வரை ஒரே நேரத்தில் மெதுவாகவாவது ஏறிக்கொண்டிருக்க முடியும். மூன்று ஃபேஸுக்கும் சமமாகப் பிரிப்பது போன்ற நுணுக்கங்கள் உண்டு, அவற்றை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம்.

வெறும் 15 ஆம்பியர் பிளக் பாயிண்டில் இது நடக்காது, ஏனென்றால் அதற்குப் பேசத் தெரியாது. ஆப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தப் பார்க்கிங்தான்.

## ஆப்பில் பச்சை, நேரில் சிவப்பு

இனி புலம்பல் பகுதி. நெடுஞ்சாலை ஹோட்டல் ஒன்றில் ஆப் "அவைலபிள்" என்று பச்சைப் புள்ளி காட்டியதை நம்பிப் போய் நின்றேன். பெட்டி உயிரோடு இருந்தது. திரை மட்டும் வெயிலில் வெந்து கறுத்து, எதைத் தொட்டாலும் அசையவில்லை. ஹெல்ப்லைனில் பேசியவர், "எங்கள் சிஸ்டத்தில் ஆன்லைன்னு காட்டுதே சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பெட்டி தவறாமல் "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. செத்துப்போன திரையைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. 2022-இல் சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஆய்வாளர்கள் 657 பொது டிசி சார்ஜர்களை நேரில் போய் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். வேலை செய்தவை 72.5 சதவீதம். நிறுவனங்கள் சொல்லிக்கொண்டிருந்ததோ 95 சதவீதத்துக்கு மேல். பதில் சொல்லாத திரை, பணம் வாங்காத கருவி, தொடங்க மறுக்கும் சார்ஜ், உடைந்த கன் என்று காரணங்கள். கிட்டத்தட்ட 5 சதவீத இடங்களில் பெட்டி நன்றாகவே இருந்தது, கேபிள்தான் காரின் துளைக்கு எட்டவில்லை. கேபிளின் நீளத்தைச் சொல்ல எந்த மென்பொருளாலும் முடியாது.

மென்பொருளுக்குத் தெரிவது பெட்டி சொல்வது மட்டுமே. பெட்டி சொல்வது அதற்குச் சென்சார் இருப்பவற்றை மட்டுமே. சிக்கிக்கொண்ட பெட்டியைத் தூரத்திலிருந்து அணைத்துப் போடச் சர்வரால் முடியும், பல கோளாறுகள் அதிலேயே தீரும். அறுந்த கேபிளுக்கு ஸ்பேனரோடு ஆள்தான் வர வேண்டும். பிரிட்டனில் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொது சார்ஜர்களின் நெட்வொர்க் ஆண்டுச் சராசரியாக 99 சதவீத நேரம் வேலை செய்ய வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஆப்பில் பச்சைப் புள்ளியைவிட "கடைசியாக ஒரு வண்டி இங்கே வெற்றிகரமாக ஏறியது எப்போது" என்ற ஒரே வரி பத்து மடங்கு பயன்படும். ஸ்டேஷனைத் தேர்ந்தெடுக்கும்போது அதைக் காட்டும் ஆப்பையும், பிறர் எழுதிய சமீபக் குறிப்புகளையும் நம்புங்கள்.

## மூன்றாம் பேச்சு: சர்வரும் சர்வரும்

போனில் ஏழெட்டுச் சார்ஜிங் ஆப், ஒவ்வொன்றின் வாலட்டிலும் எடுக்க முடியாமல் கொஞ்சம் கொஞ்சம் காசு. எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் ஸ்டேஷன் திறக்கலாம் என்றானதும் நிறைய நிறுவனங்கள் வந்தன, நிறைய ஆப்பும் வந்தது. ஏடிஎம்முக்கு வங்கிகள் செய்த ஏற்பாட்டை இங்கேயும் செய்ய முடியும். அதற்கான பொதுப் பாஷை ஓசிபிஐ. ஓசிபிபி பெட்டிக்கும் சர்வருக்கும். ஓசிபிஐ ஒரு நிறுவனத்தின் சர்வருக்கும் இன்னொன்றின் சர்வருக்கும். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் விளம்பரங்களிலேயே இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு பல நிறுவனங்களின் பெட்டிகளில் ஏற்ற முடிவது இந்த வகை ஏற்பாட்டால்தான். நம் ஊரில் இது தொழில்நுட்பச் சிக்கலைவிட, வாடிக்கையாளர் யாருக்குச் சொந்தம் என்ற வியாபாரச் சிக்கல்.

டெஸ்லா இந்தத் தொல்லையையே தவிர்த்தது. 2012-இல் சூப்பர்சார்ஜரைத் தொடங்கியபோது கார், பெட்டி, சர்வர் மூன்றும் அவர்களுடையவை. செருகினால் போதும், காரை அடையாளம் கண்டு கணக்கில் பணம் எடுத்துக்கொள்ளும். மற்ற கம்பெனிக் கார்களுக்குக் கதவைத் திறந்துவிடத் தொடங்கியது 2021-இல்தான், அதுவும் நெதர்லாந்தில் சோதனையாக. பல கம்பெனிகள் சேர்ந்து வேலை செய்யும் உலகத்தில் அந்த வழுவழுப்பு லேசில் வராது. இரண்டு பெட்டிகளும் "ஓசிபிபி 1.6" என்று சொல்லும், ஆனால் ஒரு கோளாறுக்கு ஒன்று ஒரு குறியீடும் மற்றது வேறு குறியீடும் அனுப்பும். சர்வர் எழுதுபவரின் பாதி வாழ்க்கை இதிலேயே போகும்.

## பெட்டி உங்களுடையது, சாவி யாருடையது?

2022 பிப்ரவரியில், ரஷ்யா-உக்ரைன் போர் தொடங்கிய நாட்களில், மாஸ்கோவுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையிலான எம்11 நெடுஞ்சாலையில் சில சார்ஜர்கள் செயலிழந்து, திரையில் உக்ரைனை ஆதரித்தும் புதினைத் திட்டியும் வாசகங்கள் ஓடின. பெட்டிகளின் முக்கியப் பாகங்கள் உக்ரைன் கம்பெனி ஒன்றுடையவை, அவர்கள் தூரத்திலிருந்தே நுழைந்துவிட்டார்கள் என்று ரஷ்ய நிறுவனம் சொன்னது. பெட்டி ரஷ்யாவில், காசு கொடுத்தது ரஷ்யா, சாவி வேறு ஒருவர் கையில்.

எதிரிதான் வர வேண்டும் என்றில்லை. எனல் எக்ஸ் வே என்ற நிறுவனம் 2024 அக்டோபரில் வட அமெரிக்காவில் கடையை மூடுவதாக அறிவித்தது. வீடுகளில் இருந்த அவர்களுடைய ஜூஸ்பாக்ஸ் பெட்டிகள் செருகினால் சார்ஜ் ஏற்றும், ஆனால் ஆப்புக்கு ஆதரவு கிடையாது என்ற நிலை. காசு வாங்கி நடத்தும் இடங்களில் இருந்த பெட்டிகளோ சர்வர் இல்லாமல் தம் வேலையையே இழக்கும் நிலை. காசு கொடுத்து வாங்கிய நல்ல இரும்பு.

அதனால் உங்கள் குடியிருப்புக்கோ ஹோட்டலுக்கோ பெட்டி வாங்கும்போது கிலோவாட்டையும் விலையையும் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். எந்த ஓசிபிபி பதிப்பு என்று கேளுங்கள். லைன் போனால் ஓடும் சார்ஜ் தொடருமா என்று கேட்டு, டெமோவில் ரௌட்டரைப் பிடுங்கியே பாருங்கள். லோடைப் பங்கிடும் வசதி இந்த விலையில் அடங்குமா, மாதச் சந்தா தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடைசியாக, பெட்டியில் பதிந்திருக்கும் சர்வர் முகவரியை நாளைக்கு நாங்களே மாற்றி வேறு நிறுவனத்தின் சர்வரோடு இணைக்க முடியுமா, அதற்கான பாஸ்வேர்டு எங்களிடம் தரப்படுமா என்று கேளுங்கள். "முடியும், தருகிறோம்" என்று உடனே சொல்பவரிடம் மேற்கொண்டு விலை பேசலாம். "அது எதுக்கு சார், நாங்களே எல்லாம் பாத்துக்குறோம்" என்று சிரிப்பவரிடம் இன்னொரு முறை கேளுங்கள். அப்போதும் அதே பதில் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.